கேபிள்காரர் கொண்டுவந்த லிஸ்ட்

...சரி, திருட்டுப் படம் பிடிக்க நெட் கம்பெனிங்க நம்மளைக் கண்காணிக்கிற சட்டம் பத்திப் பேசினது போதும். முன் வரிசையில ரெண்டு பேர் கொட்டாவி விட்டாச்சு. நடுவர் அய்யா வாயை மூடிக்கிட்டே விடுறார், அனுபவம்! அதனால எல்லாரையும் எழுப்ப ஒரு குட்டிக் கதை. குட்டின்னா நிஜமாவே குட்டி, மணி அடிக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும்.

பல்லடத்துல ஒரு நாலு மாடிக் குடியிருப்பு. மூணாவது மாடியில சுகந்தி அக்கா. வீட்டுலயே ஜாக்கெட் தைப்பாங்க. புருஷன் பனியன் கம்பெனியில வேலை. ஒரே பொண்ணு மௌனிகா, பிளஸ் டூ. பேர்தான் மௌனிகா... வாயை மூடி யாரும் பாத்ததில்ல!

இப்ப ஒரு ரகசியம் சொல்றேன். சுகந்தி அக்காவுக்கு மார்புல கட்டி. புற்றுநோய்னு டாக்டர் சொல்லிட்டார். பொதுத்தேர்வு முடிஞ்ச மறுநாள் ஆபரேஷன். வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். பொண்ணுக்கு? மூச்சு விடல. "கடைசிப் பரீட்சை முடியட்டும். நானே பக்கத்துல உக்கார வச்சு சொல்லிக்கிறேன்." இன்னும் அஞ்சு நாள். அஞ்சே அஞ்சு நாள் தாண்டினா போதும்.

தாண்டினாங்களா?

அந்தத் தெருவுக்கே நெட் கொடுக்கிறவர் கேபிள் நாச்சிமுத்து. தங்கமான மனுஷன். ஒயர் அறுந்தா மழையிலயும் கம்பத்துல ஏறுவார். ஆனா தொண்டை மட்டும் திருவிழா ஸ்பீக்கர். தெருவுல நின்னுதான் மாடி வீட்டைக் கூப்பிடுவார். அன்னைக்கும் அப்படித்தான்.

"சுகந்திக்காவ்! நெட் கம்பெனியில இருந்து லிஸ்ட் வந்திருக்குது! மேல வர்றேனுங்க்கா!"

லிஸ்ட்டா? வீட்டுக்குள்ள வேதியியல் புத்தகத்தோட உக்காந்திருந்த மௌனிகாவுக்கு வேர்த்துப் போச்சு. ஏன்? போன வாரம்தான் ஒரு புதுப் படத்தைத் திருட்டுத்தனமா இறக்கி, வகுப்பு முழுக்க அனுப்பியிருந்தா. தர்மப் பிரபு!

நாச்சிமுத்து கையில ஒரு கத்தைத் தாள்.

"என்ன நாச்சிமுத்து, லிஸ்ட் அது இதுங்கிறீங்க?"

"திருட்டுப் படம் இறக்குற வீட்டை நேர்ல போய் எச்சரிக்கணுமாங்க்கா. இல்லீன்னா என் லைனையே புடுங்கிருவானுங்க. எந்த லைன், எந்த வெப்சைட்டுக்கு, எத்தனை மணிக்குப் போச்சுன்னு அத்தனையும் அனுப்பியிருக்கானுங்க."

"எங்க வீட்டுல யாருப்பா படம் இறக்குறா?"

மௌனிகா கூரையில ஓடாத ஃபேனை ரொம்ப அக்கறையா பாத்துக்கிட்டிருந்தா.

"ஒரே ஒரு தடவைதானுங்க்கா. பாப்பாவா இருக்கும், விடுங்க. நான் அதுக்கு வரல."

"பின்ன எதுக்கு?"

நாச்சிமுத்து குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்தினா... எதிர் வீட்டுக்கு மட்டும்தான் கேட்கும்.

"நான் ஒரு வரி விடாம படிச்சனுங்க்கா. அந்தப் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்குதில்லீங், அதோட வெப்சைட்டுக்கு உங்க லைன்ல இருந்து பன்னெண்டு நாளா போயிருக்குது. தினம் காலையில பதினோரு மணிக்கு. அந்நேரம் பாப்பா தனி வகுப்புல, அண்ணன் கம்பெனியில. அப்ப... நீங்கதானுங்க்கா? பயப்படாதீங்க. எங்கக்காவுக்கும் இதேதான். இப்ப நல்லாயிருக்குறா. அவ பாத்த டாக்டர் நம்பர் தரட்டுங்களா?"

...

எதிர் வீட்டுல ஓடிட்டிருந்த மிக்சி நின்னு போச்சு.

"அம்மா..."

"ஒண்ணுமில்ல கண்ணு. நீ படி."

"அம்மா, யாருக்கும்மா?"

"சும்மா... பாத்தேன்."

"பன்னெண்டு நாளு சும்மா பாத்தியா?"

சுகந்தி அக்கா தையல் மெஷின் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. நாச்சிமுத்து முகம் செத்துப் போச்சு.

"ஐயோ... பாப்பாவுக்குத் தெரியாதுங்களா? நல்லதுக்குத்தானுங்க்கா சொன்னேன்... சத்தியமா நல்லதுக்குத்தான்..."

தாளை மடிக்கிறார். இன்னும் சின்னதா மடிக்கிறார். மடிச்சு? சொன்னதை மடிக்க முடியுமா?

மறுநாள் வேதியியல் பரீட்சை. மௌனிகா விடைத்தாளை வாங்கினா. முதல் கேள்வியைப் படிச்சா. மறுபடியும் படிச்சா. ஒரு மணி நேரம்... பேனா மூடியைக்கூடத் திறக்கல.

இந்தக் கதையை யோசிச்சப்ப எனக்குத் தூக்கிவாரிப் போட்டது எது தெரியுமா? இதுல வில்லனே இல்ல! நாச்சிமுத்து நல்லவர். அந்த லிஸ்ட்ல ஆஸ்பத்திரி பேரும் நேரமும்தான் இருந்தது. உள்ள என்ன பாத்தாங்கன்னு ஒரு எழுத்து இல்ல. பேரும் நேரமும் போதும், ஒரு நல்ல மனுஷனே ஒரு வீட்டை உடைச்சிடலாம். அதே லிஸ்ட் ஒரு கெட்டவன் கையில கிடைச்சா?

திருட்டுப் படம் தப்பு. தப்புதான். எத்தனை பேர் உழைப்பு! மௌனிகாவுக்கு நான் வக்காலத்து வாங்கல. ஆனா பஸ்ல டிக்கெட் பரிசோதகர் ஏறுறார். டிக்கெட்டைக் கேளுங்க சார், காட்டுறோம். எல்லார் பையையும் திறந்து, உள்ள இருக்கிற ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்து, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி படிச்சா... "டிக்கெட்டுக்காகத்தான் பாத்தோம்"னு சொன்னா விட்டுடுவீங்களா? நெட் கொடுக்கிறவங்களுக்கு நம்ம குட்டு எதுக்குங்க?

"என்கிட்ட மறைக்க ஒண்ணுமில்ல, பாத்துட்டுப் போகட்டும்"னு சொல்றவங்க இங்கயும் இருப்பீங்க. உங்களைத்தான் கேட்கிறேன். சுகந்தி அக்கா எந்தத் தப்பை மறைச்சாங்க? படம் இறக்கினது பொண்ணு. மாட்டினது ஒரு தப்பும் பண்ணாத அம்மா.

தன் உடம்புக்கு வந்ததை, தன் பொண்ணுகிட்ட, தன் வாயால, தான் குறிச்ச நாள்ல சொல்ற உரிமை அந்த அம்மாவுக்கு இருந்தது. அதை எடுத்துட்டுப் போனாங்களே... அது திருட்டு இல்லையா?