ஆறு பேர் பதிஞ்சாச்சு

– அந்த ஆறு பேரும் யாரு யாருக்கா? பேரச் சொல்லுங்க.

– என்ன ரமணி, போலீஸ்காரம்மா மாதிரி கேக்குற? உக்காரு கண்ணு. கேண்டீன்ல தண்ணி சொல்றேன்.

– தண்ணியெல்லாம் வேணாம். பேக்டரியில அரை நாள் லீவு போட்டுட்டு வந்திருக்கேன். பேரு?

– டத்தோ கிராமாட் பிளாட்டு ரூபினி மக. நாசி கண்டார் சோத்துக்கடை யூசுப் பாய் மருமக சுஹானா பையன். தயாளன் பொண்ணு. இன்னும் மூனு பேரு. உன் கிஷனோட ஏழு. ஏழு புள்ளைங்க இருந்தா நம்ம தமிழ்ப்பள்ளியில ஒன்னாம் ஆண்டு ஜோரா நடக்கும், சாமி சத்தியமா.

– சாமிய ஏன் இழுக்குறீங்க?

– பின்ன, நீதான் என்னைய நம்பமாட்டேங்குறியே!

– எப்படி நம்புறது? பை சும்மா, கால்ல போடுற சப்பாத்து சும்மா, வேனும் சும்மா. சும்மா குடுக்குறவங்களப் பாத்தாலே எனக்குப் பயம்லா.

– பை கோயில்காரங்க குடுத்தது. வேனுக்கு எண்ணெய் ஊத்துறது யூசுப் பாய். பழைய மாணவருங்க வந்து சுவத்துக்குச் சாயம் பூசுனாங்க. பள்ளிய மூடவிடக் கூடாதுன்னு ஊரே நிக்குது கண்ணு. இதுல என்ன சூது?

– ஊரு நிக்கட்டும். வகுப்புல உக்காரப் போறது என் மகன். அவன் வாயத் தொறந்து பேசறதே அதிசயம். ஒத்தப் புள்ளையா உக்கார வச்சு, அடுத்த வருஷம் மூடிட்டோம்னு வேற எங்கயாச்சும் தள்ளிவிட்டா? எனக்கு அதான்க்கா கவலை.

– ஒத்தப் புள்ளை எங்க வந்துச்சு? அதான் ஆறு பேரு...

– நேத்து அந்த ஆறு வீட்டுக்கும் போனேன்.

– எதுக்கு?

– சந்தேகம்தான். ரூபினி என்ன கேட்டா தெரியுமா? "நீ கிஷனப் பதிஞ்சிட்டியாமே, புஷ்பவள்ளி அக்கா சொன்னாங்க, நெசமா? அப்படின்னா நானும் பதியிறேன்"னா. சுஹானாவும் அதே. தயாளன் அண்ணன் வீட்லயும் அதே. ஆறு வீட்டுலயும் ஒரே பாட்டு. ஒருத்தர்கூட பதியல.

– ரமணி...

– என்கிட்ட அவங்க பேரு, அவங்ககிட்ட என் பேரு. பெற்றோர் சங்கத்துல இதான் வேலையா?

– தப்புதான். மூனு மாசமா மாடிமாடியா ஏறி எறங்குறேன் கண்ணு. எங்க போனாலும், மத்தவங்க சேத்தா நாங்களும் சேக்குறோம்ங்கறாங்க. பூனைக்கு மொதல்ல யாரு மணி கட்டுறது? இன்னியோட பதிவு முடியுது. வர்ற வருஷமும் ஒன்னாம் ஆண்டுக்கு ஆளில்லன்னா பள்ளிய மூடிருவாங்களேன்னு பொய்யி வாயில வந்துருச்சு.

– தலைமையாசிரியருக்குத் தெரியுமா?

– தெரியாது. நான் ஒருத்திதான். நீ உள்ளதச் சொல்லிட்டு வந்திருப்ப. அவ்வளவுதான், முடிஞ்சுது. என் மூஞ்சில இனி யாரு முழிப்பா?

– லேப்டாப்ப ஏன் மூடுறீங்க?

– இனி எதுக்குத் தொறந்து வச்சிக்கிட்டு?

– தொறங்கக்கா. ஆறு வீட்லயும் "ஆமா, நான் பதிஞ்சாச்சு"ன்னு சொல்லி, என் கண்ணு முன்னால போன்ல பதிய வச்சிட்டுத்தான் எந்திரிச்சேன். இந்தாங்க கிஷன் பொறப்புப் பத்திரம். சீக்கிரம் தட்டுங்க, அவளுங்கள்ல எவளாச்சும் என்னைய மாதிரி விசாரிக்க வர்றதுக்குள்ள.