ஆர்வில் பென்ராடின் கார் ஓடிய காலை

உண்மையைச் சொன்னால் எனக்குக் கார்களில் பெரிய ஆசை எதுவும் கிடையாது, மேடம். என்னிடம் இருப்பது ஒரு பழைய பிக்கப் வண்டி. அது ஓடுகிறதா என்பதற்கு மேல் அதைப் பற்றி நான் யோசித்ததில்லை. ஆர்வில் பென்ராடின் காரோடு இருபத்தாறு வருடம் கிடந்தவன் இப்படிச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆனால் நான் அங்கே போனது காருக்காக இல்லை.

நான் எண்ணெய்க் கிணற்று பம்புகளுக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறையில் லேத் வேலை பார்த்தவன். ஆர்வில் ரொட்டி வண்டி ஓட்டினான். ஓயில்டேல் ஊரில் எங்கள் வீடுகளுக்கு நடுவே மூன்று தெரு. அறுபத்தொன்றில் ஆர்வின் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பஞ்சாலையின் பின்புறம், களைச்செடிகளுக்குள் கிடந்த முப்பத்திரண்டு மாடல் ஃபோர்டு ஒன்றை அவன் கண்டுபிடித்தான். இன்ஜின் இல்லை, இருக்கை இல்லை, கூரையில் எலிக்கூடு. அதைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றான்.

"டேய் லைல், உனக்கு லேத் தெரியும், எனக்குக் கனவு காணத் தெரியும். ரெண்டு பேரும் சேர்ந்தா இது பறக்கும்டா."

அதுவரை யாரும் என் வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டதில்லை. மனைவி என்று ஒருத்தி இருந்தாள். ஒன்றரை வருடத்தில் ஃப்ரெஸ்னோவுக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் பேசத் தெரியாதவன்.

அதன் பிறகு என் சனிக்கிழமைகள் ஆர்வில் வீட்டை ஒட்டிய கார்க் கொட்டகையில் கழிந்தன. காரின் கூரையை நான்கு அங்குலம் வெட்டித் தாழ்த்தினோம். எட்டு சிலிண்டர் இன்ஜின் ஒன்றைத் தேடிப் பிடித்து அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தோம். அவன் மனைவி நாடீன் மதியம் வெளியே வந்து, "சாமியார்களா, பூஜை முடிஞ்சுதா? சோறு ஆறுது" என்பாள். மூன்று பேரும் சாப்பிடுவோம். அவள் என் தட்டில் கேட்காமலே இரண்டாவது முறை பீன்ஸ் வைப்பாள். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், என் வாழ்க்கையில் இருந்தது இவ்வளவுதான். பெரிதுபடுத்திச் சொல்லவில்லை.

அறுபத்து மூன்று வசந்தத்தில் இன்ஜின் பூட்டி முடிந்தது. ஃபமோசோ பந்தயத் தடத்தில் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பதாக இருந்தோம். அன்று ஆர்வில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து சொன்னான்:

"ஒரு ஓட்டம் ஓடிட்டு இதை வித்துட்டு ஒரு படகு வாங்கப்போறேன்டா. சனிக்கிழமை ஆனா நானும் நாடீனும் ஏரிதான்."

"நானு?" என்று கேட்டேன்.

"உனக்குத்தான் தண்ணின்னாலே பயமாச்சே. கரையில நின்னு கையாட்டு."

வேடிக்கையாகத்தான் சொன்னான். நானும் சிரித்தேன். அடுத்த வாரம் பட்டறையிலிருந்து சாணைப் பொடி ஒரு கைப்பிடி கொண்டுவந்து இன்ஜின் எண்ணெயோடு கலந்தேன். பதினைந்து நிமிடம் ஓடியது. அதற்குள் பேரிங் எல்லாம் தேய்ந்து போயிற்று. ஆர்வில் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். நான் அவன் தோளில் கைபோட்டு, மறுபடியும் செய்வோம் என்றேன். உண்மையாகவே அவன் மீது எனக்கு இரக்கமாக இருந்தது.

மறுபடியும் செய்தோம். எழுபத்தொன்று ஜனவரியில் மூன்று நாள் உறைபனி விழுந்ததே, அப்போது இன்ஜினுக்குள் உறையாத திரவம் ஊற்றியிருப்பதாக அவனிடம் சொல்லியிருந்தேன். வெறும் தண்ணீர்தான் ஊற்றியிருந்தேன். அது உறைந்து, இன்ஜினின் இரும்புக் கூடான பிளாக் மேலிருந்து கீழ்வரை பிளந்துவிட்டது. இன்னொரு பிளாக் கிடைக்க ஐந்து வருடம் ஆயிற்று. நடுவே சின்னச் சின்னதாகச் சிலது: ஒரு நட், ஒரு வயர், தொலைந்துபோன ஒரு பாகம். எண்பத்து மூன்றில் இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் ஷாஃப்டைச் சாணை பிடித்துத் தருகிறேன் என்று பட்டறைக்கு எடுத்துப்போய், தேவைக்கு மேல் கொஞ்சம் வெட்டினேன். மனித முடியின் கனத்தில் பாதி. அந்த இடைவெளியில் எண்ணெய் நிற்காது, இன்ஜின் தட்டத் தொடங்கும். இதை மோசமான வேலை என்று நினைக்காதீர்கள். துரதிர்ஷ்டம் போலத் தெரியும்படி ஒன்றைக் கெடுக்க நல்ல கை வேண்டும்.

ஆர்வில் ஒருமுறைகூட என்னைச் சந்தேகப்படவில்லை. "இது என் மாமியார் சாபம்டா" என்பான். இன்னொரு தடவை சொன்னான்: "நீ மட்டும் இல்லைன்னா இதை எப்பவோ இரும்புக் கடைக்குப் போட்டிருப்பேன்." அப்படிச் சொன்ன நாள் வீட்டுக்கு நடந்தே வந்தேன். பிக்கப்பை அவன் வாசலிலேயே மறந்துவிட்டேன்.

எண்பத்தைந்து மார்ச்சில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுவதும் போயிற்று. பேச்சில் ஒரே சொல்தான் மிஞ்சியது: "சரி." பசிக்கிறதா என்றால் சரி. வலிக்கிறதா என்றால் சரி. நாடீன் அடுக்களையில் போய் அழுதாள். நான் பட்டறையிலிருந்து ஓய்வு வாங்கிக்கொண்டு தினமும் போக ஆரம்பித்தேன். காரைத் தார்ப்பாய் போட்டு மூடினேன். காலையில் செய்தித்தாள் படித்துக்காட்டுவேன், முகம் மழிப்பேன், தூக்கி நாற்காலியில் வைப்பேன். அந்த இரண்டரை வருடங்கள்தான் எனக்கு நல்ல வருடங்கள். அப்போது காரில் எதையும் கெடுக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

இந்த அக்டோபரில் நாடீன் என்னை உட்காரவைத்துச் சொன்னாள்.

"லைல், என்னால இனிமே தனியா முடியாது. என் தங்கச்சி கார்லீன் ஓரிகான்ல அவ வீட்ல ஒரு ரூம் ஒதுக்கி வெச்சிருக்கா. ஜனவரில போயிடுறோம்."

"நான்தான் இருக்கேனே, நாடீன்."

"நீ எத்தனை நாளைக்குத்தான் செய்வ? உனக்கும் வயசாகுது. நீ கொஞ்சம் உன் வாழ்க்கையைப் பாரு."

எந்த வாழ்க்கையை என்று நான் கேட்கவில்லை.

போவதற்கு முன்னால் அந்த இன்ஜின் சத்தத்தை ஒரு தடவையாவது ஆர்வில் கேட்கவேண்டும் என்பது அவள் ஆசை. அதற்காகத் தேவாலயத்தில் தெரிந்த கேலன் ஸ்பர்லாக்கைக் கூட்டிவந்தாள். ஃபமோசோவில் ஒரு காலத்தில் பந்தயம் ஓட்டியவன். பெரிய வயிறு, பெரிய குரல், நல்ல மனிதன். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

"இருபத்தாறு வருஷமா? என் முதல் கல்யாணமே இவ்வளவு நாள் நிக்கலையே" என்று சொல்லிக்கொண்டே தார்ப்பாயை உருவினான். ஆர்வில் சிரித்தான், இடது பக்கம் மட்டும்.

நான்காம் நாள் கிராங்க் வெளியே வந்தது. கேலன் மைக்ரோமீட்டரை வைத்து அளந்தான். மறுபடியும் அளந்தான். பிறகு என்னைக் கூப்பிட்டான்.

"ஏம்ப்பா லைல், இங்க பாரு. தேஞ்சதுன்னா நாலு எடத்துல நாலு விதமா இருக்கணும். இது நாலும் ஒண்ணுபோல இருக்கு. எவனோ அளந்து வெட்டியிருக்கான்."

"தப்பா அளந்திருப்பான்" என்றேன்.

"நாலு தடவையும் ஒரே மாதிரியா? எவன்கிட்ட குடுத்தீங்க இதை? அவன் கையை ஒடிக்கணும்." திரும்பி, "ஆர்வில், நான் சொல்றது சரிதானே?" என்றான்.

ஆர்வில் "சரி" சொல்லவில்லை. அதை வெட்டியது யார் என்று அவனுக்குத் தெரியும். இரண்டரை வருடத்தில் முதல் தடவையாக ஒரு கேள்விக்கு அவன் பதில் சொல்லாமல் இருந்தான். கிராங்கைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். பழைய கணக்கு ஒவ்வொன்றாக அவன் முகத்தில் ஓடுவது எனக்குத் தெரிந்தது. பிளாக், பேரிங், எல்லாம். அப்புறம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் செய்தித்தாளைப் பிரித்தேன். இடது கையை அதன் மேல் வைத்து அழுத்திக்கொண்டான். கோபமாக இல்லை. படிக்கவேண்டாம் என்று மட்டும். முகம் மழிக்கப் போனேன். உதட்டை இறுக மூடிக்கொண்டு கண்ணையும் மூடிக்கொண்டான். முன்பின் தெரியாதவன் கைக்கு முகத்தைக் கொடுப்பதுபோல.

ஒரு வாரம் கழித்து நாடீன் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் ஈரம்.

"லைல், கேளேன். புதுசா ஒரு வார்த்தை வருது அவருக்கு. காலைலேருந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு 'லை, லை'ங்கிறார். பொண்டாட்டி பேர் வரல பாரு, உன் பேர்தான் முதல்ல வருது!"

நான் அவளைக் கட்டிக்கொண்டு, ரொம்ப சந்தோஷம் என்றேன்.

நீங்கள் நினைப்பது எனக்குப் புரிகிறது. அவன் சொல்லிவிடுவான் என்ற பயத்தில் செய்தேன் என்று உங்கள் அறிக்கையில் எழுதப்போகிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எனக்குப் பயம் இல்லை. அவன் ஓரிகானில் இன்னொருவர் வீட்டில், என்னைப் பற்றி அப்படி ஒரு எண்ணத்தோடு, வருடக்கணக்காக உட்கார்ந்திருப்பதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அது அவனுக்கும் நல்லதில்லை.

கேலனிடம் போய், நாங்கள் தொடங்கியது, நானே முடிக்கிறேன் என்றேன். அவன் என் கையைக் குலுக்கினான். பழைய பட்டறையில் நண்பர்களிடம் சொல்லி வேறொரு கிராங்கை எடுத்துச் சாணை பிடித்தேன். இந்த முறை சரியாக. ஐந்து வாரம் ஆயிற்று. ஒரு காரை ஓடவைக்க எனக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். அந்த ஐந்து வாரமும் ஆர்வில் தன் நாற்காலியில் என் பக்கத்திலேயே இருந்தான். என் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசி வாரத்தில் அவன் பார்வை கொஞ்சம் இளகியது போலத் தோன்றியது. மன்னித்துவிட்டானோ என்றுகூட நினைத்தேன். அது எனக்கு வேதனையாக இருந்தது, ஏனென்றால் அதற்குள் நான் முடிவு செய்திருந்தேன்.

டிசம்பர் பத்தொன்பது, சனிக்கிழமை. வெளியே தன் கையைத் தானே பார்க்கமுடியாத மூடுபனி. நாடீன் தேவாலயத்தில் ஏழைகளுக்குக் கிறிஸ்துமஸ் பெட்டி கட்டப் போயிருந்தாள், பதினொரு மணிக்குத்தான் வருவாள். ஆர்வில்லைக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு வந்து இன்ஜினுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். இரண்டு பிரேக்கையும் போட்டேன். கம்பளியைக் கைகளோடு சேர்த்து இறுக்கமாகச் சுற்றினேன், குளிருமே என்று. பெரிய கதவைச் சாத்தி, வெளிப்பனி வராமல் கீழிடுக்கில் சாக்கை அடைத்தேன்.

முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. சைலன்சர் இல்லாத குழாய்கள், கொட்டகையே அதிர்ந்தது. எட்டு சிலிண்டரில் ஒன்றுகூடப் பிசகவில்லை. ஆர்வில் அழுதான். வாய் இடதுபக்கம் கோணி, அறுபத்தொன்றில் என் வாசலில் நின்றானே, அந்த முகத்தோடு என்னைப் பார்த்தான். "சரி" என்றான். "சரி, சரி."

ஒரு கணம் கதவைத் திறக்கலாமா என்று நினைத்தேன். அப்புறம் ஜனவரியை நினைத்துக்கொண்டேன். அடுக்களைக்குப் போய், வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவிலிருந்த கதவைச் சாத்தினேன். நாடீன் எனக்காக முட்டையும் பிஸ்கட்டும் மூடி வைத்திருந்தாள். உட்கார்ந்து சாப்பிட்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்து நானேதான் போன் செய்தேன். விபத்து என்று எல்லோரும் சொன்னார்கள். பழைய வண்டியின் விஷப்புகை, பூட்டிய கொட்டகை, இரண்டு கிழவர்களின் மறதி. அடக்கத்தில் நாடீன் என் கையை விடவேயில்லை. ஓரிகானுக்குப் போகும்முன் அந்தக் காரை என்னிடமே கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். நான் வேண்டாம் என்றேன். போலீஸில் நீங்களும் நம்பித்தான் இருந்தீர்கள், அந்தக் காரின் மட்கார்டைப் பார்க்கும்வரை.

இந்தப் போட்டோவில் இருப்பது அதுதான். இடது கைக்கு எட்டுகிற இடத்தில் பதிமூன்று பள்ளங்கள். கீழே என் ஸ்பானர். அதை அங்கே விட்டது என் கவனக்குறைவு. எப்படியோ கம்பளிக்குள்ளிருந்து கையை உருவியிருக்கிறான். அந்தக் கையில் அவ்வளவு பலம் மிச்சமிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

என் காதில் ஏதாவது விழுந்ததா என்று கேட்கிறீர்கள். விழுந்தது. நான் இன்ஜின்களைக் கேட்டே வாழ்ந்தவன், மேடம். உள்ளே தட்டுகிற சத்தம் எது, வெளியே தட்டுகிற சத்தம் எது என்று எனக்குப் பிரித்துத் தெரியும். முதலில் வேகமாக வந்தது. பிறகு விட்டுவிட்டு. பதிமூன்றாவதுக்குப் பிறகு இன்ஜின் சத்தம் மட்டும்தான். நான் குழாயைத் திறந்து தட்டைக் கழுவினேன்.

சந்தோஷத்தில் தாளம் போடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.