ஆலாத்தி வகையறா

நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்தைப் போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டிவிடுகிறோம். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில்தான் 'சர்நேம்' என்று ஒரு கட்டம் வந்து நிற்கிறது. என் மகன் சுரேஷ்கண்ணன் கனடாவுக்குக் கிளம்பியபோது அதில் என்ன எழுதுவது என்று கேட்டான். 'ஆலாத்தி' என்று எழுதச் சொன்னேன். பூர்வீக ஊரான கம்பத்தில் எங்களை ஆலாத்தி வகையறா என்றுதான் சொல்வார்கள்.

என் பெயர் ஞானசிகாமணி. வயது அறுபத்து மூன்று. பழனிசெட்டிபட்டியில் சொந்த வீடு. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தினேன். நீங்கள் எழுதி வைத்திருப்பதில் சம்பவம் புதன்கிழமை என்று இருக்கிறது. அது வியாழன். திருத்திக்கொள்ளுங்கள்.

மகன் போன பிறகு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். ஆலாத்தி என்றால் ஆரத்திதான். அம்மன் கோயிலில் முதல் ஆலாத்தி எடுக்கும் மரியாதை எங்கள் முன்னோர்களுக்கு இருந்தது என்பார்கள். இரண்டு வருடம் அலைந்தும் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது. வம்ச வரலாறு என்று இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் எழுதி அச்சுக்குக் கொடுத்தேன். கோயில் கும்பாபிஷேகத்தன்று பங்காளிகள் முந்நூறு பேர் முன்னிலையில் வெளியிடுவதாக ஏற்பாடு.

எபனேசர் என்னைத் தேடி வந்தது அதற்கு மூன்று வாரம் முன்னால். குமுளிக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்படி ஒரு புத்தகம் வருகிறது என்று அச்சகத்தில் கேள்விப்பட்டிருக்கிறார். என் மனைவி பவானி காப்பி கொடுத்தாள். சர்க்கரை வேண்டாம் என்றார். மஞ்சள் பையிலிருந்து ஒரு பழைய பதிவேட்டை எடுத்து மேசைமேல் மெதுவாக வைத்தார். எஸ்டேட்டை மூடியபோது குப்பையில் கிடந்ததாம்.

"சார், தப்பா நெனைக்காதீக. ஒங்க வீட்டுப் பேரு ஆலாத்தி இல்ல. ஆளேத்தி. மலைக்கு ஆளு ஏத்துறவுக."

பார்த்தேன். ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டு. ஆளேத்தி முத்துப்பாண்டி, அதாவது என் தாத்தாவின் அப்பா, அந்த வருடம் நாற்பத்தொரு பேரைக் கம்பத்திலிருந்து எஸ்டேட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். கொள்ளைக் காய்ச்சல் வந்திருக்கிறது. படுத்த பதினேழு பேரை ஒரே அறையில் விட்டு வெளியே பூட்டியிருக்கிறார்கள். ஒன்பதாம் நாள் திறந்திருக்கிறார்கள். 'பூட்டு ஆளேத்தி போட்டது' என்று ஓரத்தில் எழுதியிருந்தது. கையெழுத்து தெளிவாக இருந்தது. 'ள' சந்தேகத்துக்கு இடமில்லாமல் 'ள'தான்.

எபனேசரின் பூட்டி, அதாவது பாட்டியின் அம்மா, அந்தப் பதினேழு பேரில் ஒருத்தி. அப்போது எட்டு வயதுச் சிறுமி. கூரையைப் பிரித்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறாள். மற்றவர்கள் வரவில்லை.

"சண்டைக்கு வரல சார். அந்தப் பதினாறு பேருக்கு ஒரு கல்லு கூட இல்ல. ஒங்க பொஸ்தகத்துல கடைசிப் பக்கம் ஒண்ணு குடுத்தீகன்னா பேரை மட்டும் போட்டுரலாம். வேற யார்ட்டயும் காட்டல. ஒங்க வீட்டு விசயம்ல, மொதல்ல ஒங்ககிட்டதான் கொண்டாந்தேன்."

அது மரியாதை. எனக்குத் தெரிகிறது.

இரண்டு நாள் யோசித்தேன். அவர் கேட்டபடி செய்வதையும்தான் யோசித்தேன். ஒரு பக்கம் கூடினால் பைண்டிங் சரியாக வராது. மகனின் பாஸ்போர்ட்டில் பெயர் ஏறிவிட்டது. நாளை அவன் பிள்ளைகளுக்கும் அதுதான் பெயர். மூன்றாம் நாள் எபனேசருக்குப் போன் செய்தேன். அந்த ஆட்களை ஏற்றிய பாதை தொடங்கும் இடத்தைக் காட்டினால் போட்டோ எடுத்துப் புத்தகத்தில் போடலாம் என்றேன். பதிவேட்டையும் கொண்டுவரச் சொன்னேன். "ஒங்க மனசு யாருக்கு வரும் சார்," என்றார்.

வியாழன் காலை பத்து மணிக்கு மலையடிவாரத்து லோயர் கேம்பில் பஸ்ஸை விட்டு இறங்கினார். போட்டோவுக்காக வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார். ஜூன் மாதம். பெரியாற்றுத் தண்ணீர் திறந்திருந்தார்கள். கால்வாய் கரைதொட்டு ஓடியது.

"இங்கனதான் சார் ஏத்துனாக. எங்க அப்பா காட்டுவாக."

நீச்சல் தெரியுமா என்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

"மலையில பொறந்தவனுக்கு ஏது சார் நீச்சல்?" என்று சிரித்தார்.

கரையில் நிற்கச் சொல்லி, போட்டோவில் இடைஞ்சலாக இருக்கும் என்று மஞ்சள் பையை வாங்கிக்கொண்டேன். அந்தப் பதினாறு பெயரும் அவருக்கு மனப்பாடம். நான் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விரலை மடக்கினார். பதினொன்றாவது பெயர் சொல்லும்போது தண்ணீர்ப் பக்கம் திரும்பினார். அப்போது தள்ளினேன்.

வழுக்கி விழுந்ததாகத்தான் நீங்களும் முதலில் எழுதினீர்கள். அவர் மகள் சிம்ரன் என் வீட்டுக்கு வந்தாள். மதுரையில் நர்ஸாக இருக்கிறாள். "அங்கிள், அப்பா ஒரு மஞ்சப் பையோட ஒங்களப் பாக்கத்தான் வந்தாக. அந்தப் பை எங்க?" என்றாள். தெரியாது என்றேன். அவள் அழவில்லை. நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

என் பீரோவில் வேப்பிலைக்கு நடுவே இருந்து பதிவேட்டை எடுத்தீர்கள். எரித்திருக்கலாமே என்று உங்கள் ஏட்டு கேட்டார். ஆவணத்தை எரிப்பவன் சரித்திர ஆசிரியன் இல்லை. தண்ணீர் படக்கூடாது என்றுதான் பையை முன்கூட்டியே வாங்கிக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் இதுவரை சொல்லவில்லை. அவர் உடனே போய்விடவில்லை. கால்வாய்ச் சுவரில் ஒரு இரும்புப் படி இருந்தது. அதை எட்டிப் பிடித்துக்கொண்டார். "சார், சார்" என்று இரண்டு தடவை கூப்பிட்டார். கை கொடுக்க வருவதாக நினைத்திருப்பார். குனிந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். அவர் கையில் அவ்வளவு பலம் இல்லை.

இதில் எனக்குக் கோபமோ வஞ்சமோ கிடையாது. நான் செய்தது, நான் மட்டும் செய்தது. எங்கள் வகையறாவில் இதற்கு முன்னால் ஒருவர்கூட ஒரு உயிரைப் போக்கியதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.