மணல்மேடு

ஒழுங்காகச் செய்தால் மண் சோதனைக்கு இரண்டு நாள் ஆகும். முதல் நாள் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி ஊறவிட வேண்டும். மறுநாள் மறுபடி நிரப்பி, மட்டம் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று அளக்க வேண்டும். பிரிஸ்பேனுக்கு மேற்கே டார்லிங் டவுன்ஸ் பக்கம் புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு, செப்டிக் டேங்கிலிருந்து வெளியேறும் நீரை எங்கே, எப்படி விடுவது என்று எழுதிக்கொடுப்பது என் வேலை. பத்தொன்பது வருடமாகச் செய்கிறேன். என் தாளைப் பார்த்துத்தான் கவுன்சில் அனுமதி தரும்.

ஊறவிடுவது எதற்கு என்று கேட்டீர்கள். எங்கள் மண் கரிசல். வறட்சியில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அப்போது ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் வெடிப்புக்குள் ஓடி மறைந்துவிடும். நல்ல வடிகால் என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். நாலு மழை பெய்ததும் அதே மண் உப்பி வாயை மூடிக்கொள்ளும். பிறகு சொட்டு இறங்காது.

டெஸ்மண்ட் ஹார்விச் பிரிஸ்பேனில் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவன். சரிவில் ஒரு பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினான். மனைவி இவெட்டுக்கு மாற்றுச் சிறுநீரகம். அதை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க அவள் சாப்பிடும் மாத்திரை, நோயை எதிர்க்கும் சக்தியையும் குறைத்துவிடும். முதல் நாளே அவளே சொன்னாள்.

“எனக்குச் சளி புடிச்சாலே ஆஸ்பத்திரிதான் கெல்வ். மூஞ்சிக்கு நேரா தும்மிடாதீங்க.”

எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏப்ரலில் முறைப்படி சோதித்தேன். குழியில் விட்ட தண்ணீர் மறுநாளும் அப்படியே நின்றது. சாதாரணப் பள்ளம் தோண்டிக் குழாய் புதைப்பது இங்கே ஆகாது, மணல் கொட்டி இடுப்பளவு மேடு போட்டு அதன் வழியாகத்தான் நீரை வடிக்க வேண்டும் என்றேன். மேட்டுக்குத் தோதான இடம் வீட்டுக்கு முன்னால்தான் இருந்தது.

“வெராண்டாவுல உக்காந்தா பள்ளத்தாக்கு தெரியணும்னுதான் இந்த எடத்தையே வாங்கினேன்,” என்றான் டெஸ்மண்ட். “நீ என் மூக்குக்கு முன்னால சமாதி கட்டுங்கற. கீழ இருக்கறவன்லாம் பள்ளந்தானே தோண்டியிருக்கான்?”

“அவங்க புல்லுல செருப்பில்லாம நடந்து பாரு, கக்கூஸ் தண்ணி காலுல ஒட்டும்,” என்றேன்.

அடுத்த வாரம் மதுக்கடையில் என் காதுபடவே சொன்னான். “கெல்வ் எந்த மண்ணத் தொட்டாலும் மேடுதான். பொண்டாட்டி போனப்பறம் மணல் லாரியக் கட்டிக்கிட்டான் போல.” அந்த வருடம்தான் என் மனைவி என்னை விட்டுப் போயிருந்தாள். எல்லாரும் சிரித்தார்கள். என் சொந்தத் தம்பியும் சிரித்தான். அன்றிலிருந்து எனக்குப் பெயர் மணல்மேடு. பெட்ரோல் போடப் போனால், “என்ன மணல்மேடு, டேங்க் ரொம்பிடுச்சா?” வேலைக்குக் கூப்பிட்டவர்கள் வேறு ஆளைத் தேடிப் போனார்கள். மண்ணைப் பற்றி அந்த ஊரில் எனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்தது இது.

அக்டோபரில் அவனே வந்தான். மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

“மறுபடி சோதிச்சுப் பாரேன். காஞ்சு கெடக்கு, இப்ப நல்லா எறங்கும்.”

ஒரே நாளில் முடித்தேன். ஊறவிடவில்லை. வெடிப்பு ஓடிய இடமாகப் பார்த்துக் குழி தோண்டினேன். பதினோரு நிமிடத்தில் தண்ணீர் போய்விட்டது. பள்ளம் போதும் என்று எழுதிக்கொடுத்தேன். அவன் என் முதுகில் தட்டினான். “பாத்தியா மணல்மேடு, மண்ணே உன் பேச்சக் கேக்கல.”

இதுவரை நடந்தது தாளில் இருக்கிறது, கவனக்குறைவு என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். தாளில் இல்லாததைச் சொல்கிறேன்.

பழைய வீட்டுக்காரர்கள் மழைநீர் சேமிக்கப் புதைத்த கான்கிரீட் தொட்டி ஒன்று அங்கே இருக்கிறது. புது வீட்டின் கூரைத் தண்ணீரையும் அதற்குத்தான் திருப்பப் போகிறார்கள், குடிக்க அதுதான் என்று எனக்குத் தெரியும். அன்று மூடியைத் திறந்து பார்த்தேன். கரிசல் நெருக்கியதில் பக்கச் சுவரில் விரல் அகலத்துக்கு விரிசல். மூடிவிட்டேன். பள்ளங்களைக் கிழக்குச் சரிவில் போட்டிருக்கலாம். சரிவில் தொட்டிக்கு நேர் மேற்புறமாக வரைந்தேன். வரைபடத்தில் தொட்டியைக் காட்டவில்லை.

அடுத்த வருடம் நடுவில் குடிவந்தார்கள். அதற்கடுத்த ஜனவரியில் ஒன்பது நாள் மழை. பிப்ரவரியில் போய்ப் பார்த்தேன். பள்ளங்களிலிருந்து தொட்டி வரைக்கும் ஒரு பட்டை மட்டும் பச்சைப்பசேல் என்று இருந்தது. கால் வைத்தால் புதைந்தது. டெஸ்மண்ட் புல் வெட்டிக்கொண்டிருந்தான்.

“புல்லப் பாத்தியா? உன் மேட்டப் போட்டிருந்தா இந்தப் பச்சை வருமா?”

இவெட் ஒரு கோப்பைத் தண்ணீர் கொண்டுவந்தாள். இப்போதுதான் குடித்தேன் என்று சொல்லி வாங்கவில்லை.

“மழைக்கப்பறம் தண்ணி ஒருமாதிரி இருக்கு கெல்வ்,” என்றாள். “உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். கொதிக்கவச்சுக் குடிக்கணுமா?”

பின்னால் நின்ற டெஸ்மண்ட் சிரித்தான். “மணல்மேடுகிட்டயா கேக்கற? தண்ணிக்கும் ஒரு மேடு கட்டச் சொல்லுவான்.”

நான் அவனைப் பார்த்துக்கொண்டே அவளுக்குப் பதில் சொன்னேன். “தேவையில்ல. அப்படியே குடிக்கலாம்.”

பன்னிரண்டு நாள் கழித்து அவளை டூவூம்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மார்ச் நான்காம் தேதி இறந்தாள்.

அவளைக் கொல்ல நினைத்தேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. அவள் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. அந்தப் பன்னிரண்டு நாளும் காலையில் அவர்கள் வாசலைத் தாண்டும்போது வண்டியை மெதுவாக்கினேன். டெஸ்மண்ட் ஒரு தடவை கைகாட்டி நிறுத்தி, “கெல்வ், நீ அன்னிக்குச் சொன்னதுதான் சரியோ?” என்று கேட்டிருந்தால் போதும். அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். நானே என் கையால் அடுப்பில் தண்ணீர் வைத்திருப்பேன்.

அவன் கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இவெட் இன்று உயிரோடு இருப்பாள். இதை அவனிடம் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.