வெளிப்பொருக்கு மட்டும்

எங்கள் தெருவில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்பதை வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவேன். ஸ்வர்ணலதாவின் மூக்கு என்றால் சித்தூரில் நாலு சந்து வரைக்கும் மரியாதை உண்டு. தெருவில் பாதிப் பேர் பேப்பர் வாங்குவதை நிறுத்தியதற்கும் நானே காரணம். நான் கறி தொட்டுப் பதினோரு வருஷமாகிறது. வீட்டுக்காரருக்குக் கால் குணமானால் கறியை விட்டுவிடுகிறேன் என்று திருமலையில் வேண்டிக்கொண்டேன். குணமாகிவிட்டது. அவர் அந்தக் காலாலேயே நடந்துபோய் வாரம் இரண்டு நாள் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வருகிறார். நான் மோந்துவிட்டுச் சும்மா இருக்கிறேன்.

பக்கத்து வீட்டு மோகன்ராஜ் மாம்பழக்கூழ் கம்பெனியில் ஃபிட்டர். கழித்துப்போட்ட கூழ் டிரம் ஒன்றைக் கொண்டுவந்து, அடியில் கரி, நடுவில் தண்ணீர்த் தட்டு, மேலே கம்பி வலை என்று மாடியில் ஒரு புகை அடுப்பு செய்தார். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டை பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுசுக்குப் புகையில் வேகவைத்த பன்றிக்கறி வேண்டுமாம். அதன் மேனேஜர் கேசவன் ஞாயிற்றுக்கிழமை காலை ருசி பார்க்க வருவதாக ஏற்பாடு. ஐந்து கிலோ கறியில் மிளகு, வெல்லம், உப்பு தடவி, ராத்திரி முழுக்க இளஞ்சூட்டில் புகைய விடவேண்டும். வெளியே கருப்பாக ஒரு பொருக்கு கட்டும், அதுதான் இதற்கு உயிர். இதையெல்லாம் அவர் என்னிடம் சொல்லவில்லை. மொட்டைமாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றால் கேட்கும்.

காவலுக்கு அவருடைய மச்சான் சிரஞ்சீவி. வயது முப்பத்திரண்டு. பிராந்தியால் வேலை போய், பெண்டாட்டி போய், அக்கா தாட்சாயணி வீட்டில் வந்து விழுந்தவன். நாலு மாதமாகத் தொடவில்லை. இந்த ஆர்டர் கிடைத்தால் அடுப்பு அவன் பொறுப்பு, ஒரு தடவை தவறினாலும் வீட்டில் இடமில்லை என்று மோகன்ராஜ் சொல்லியிருந்தார். அதுவும் சுவர் வழியாக வந்ததுதான்.

ராத்திரி இரண்டு மணிக்குக் காற்று எங்கள் பக்கம் திரும்பியது. தூக்கம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மாடிக்குப் போனேன். சிரஞ்சீவி ஸ்டூலில் உட்கார்ந்தபடி ஆடிக்கொண்டிருந்தான்.

"இன்னாப்பா, தூங்கி வழியற?"

"ரெண்டு நாளா இந்த அடுப்பு வேலதான்க்கா. கண்ண இசுத்துக்கினு போவுது."

"போய்ப் படு. நான் முழிச்சிக்கினுதான் இருக்கேன், பாத்துக்கறேன்."

"மூடிய மட்டும் தெறக்காதீங்கக்கா. சூடு போயிடும்."

"எனக்கு இன்னாத்துக்கு அது? கறி மூஞ்சியில முழிச்சே பதினோரு வருஷமாவுது."

அவன் அங்கேயே பாயில் சுருண்டான். நடுச்சுவர் இடுப்புயரம். என் இடுப்பை வைத்துக்கொண்டு அதைத் தாண்டுவது சுலபமில்லை, என்றாலும் தாண்டினேன். எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் மூடியைத் தூக்கினேன். ஓரத்தில் ஒரு பொருக்கு தானாகவே எழும்பி நின்றது. அதை எடுத்தேன். எடுத்த இடம் அசிங்கமாகத் தெரிந்தது, அதனால் பக்கத்திலும் கொஞ்சம் சமன் செய்தேன். சமன் செய்து முடித்தபோது மணி நாலரை. சீயக்காய் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வாசல் தெளித்தேன்.

காலையில் கேசவன் முன்னால் மோகன்ராஜ் மூடியைத் திறந்தார். நான் நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். சிராய்த்த முழங்கால் மாதிரி வெளுப்பாக ஒன்று உள்ளே கிடந்தது. கேசவன் நாகரிகமான மனிதர். இன்னொரு நாள் பார்க்கலாம் என்று வண்டியை எடுத்தார்.

"டேய், எத்தினி மணிக்குடா குடிச்ச? அதுக்கு இது சைடு டிஷ்ஷா?" என்றார் மோகன்ராஜ்.

"சத்தியமா இல்ல மாமா. தூங்கிட்டேன். ஸ்வர்ணக்கா பாத்துக்கினு இருந்தாங்க, கேளுங்க."

"அவங்கள ஏன்டா இசுக்கற? அவங்க இன்னா கறி துன்றவங்களா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பொய் சொல்லவில்லை, எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. சுவர்மேல் சாய்ந்து சிரஞ்சீவி பக்கம் கொஞ்சம் குனிந்து மூச்சை இழுத்தேன். பிறகு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன். அவ்வளவுதான். அவன்மேல் புகை வாடை மட்டுமே இருந்தது.

தாட்சாயணி அவன் பையைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். "நீங்களாவது சொல்லுங்கக்கா," என்றான் என்னிடம். அடுப்பில் பால் வைத்திருந்தேன், பொங்கிவிடும் என்று உள்ளே வந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, பஸ் ஸ்டாண்டில் அவன் குடித்துவிட்டு நினைவில்லாமல் கிடப்பதை என் வீட்டுக்காரரே பார்த்தார். அன்று சாயங்காலம் தாட்சாயணி அழுதுகொண்டு வந்தாள். "நீங்க அன்னிக்கே கண்டுபுடிச்சிட்டீங்கக்கா," என்றாள். காபி போட்டுக் கொடுத்தேன். என் மூக்குக்கு இப்போது ஐந்தாவது சந்திலும் மரியாதை.

ஆக, தின்றது நான். அவனைத் தெருவுக்கு அனுப்பியதும் நான்தான். இதை ஒப்புக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. ஆனால் வேண்டுதலை முறித்துவிட்டேன் என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. உள்ளே இருந்த கறியில் என் நகம்கூடப் படவில்லை. நான் தின்றது வெளிப்பொருக்கு. அதில் மிளகும் வெல்லமும் கொஞ்சம் புகையும்தான் இருந்தன.