கூண்டுக்குள் நீதிபதி

கொழுந்தியா: சத்தம் போடாதீங்க அத்தான். திரைக்கு அந்தப் பக்கம் சனங்க உக்காந்திருக்காங்க.

அத்தான்: போடுவேன். இடைவேளை முடியறதுக்குள்ள கூண்டைத் திற. நாடகத்தை எழுதினவன் நான், நடத்தறவன் நான், அதுல நீதிபதியும் நான்... என்னையே சூனியக்காரன்னு கை காட்டிட்டியே, நீ நல்லா இருப்பியா?

கொழுந்தியா: என் வேஷமே அதுதானே. பொய் சொல்லி ஊர்ல ஒவ்வொருத்தரையா மாட்டி விடறவ.

அத்தான்: மருத்துவச்சி வேஷத்துல இருக்கிற உங்க அக்காவைத்தானே காட்டணும்?

கொழுந்தியா: அக்கா அவ இடத்துல நிக்கலையே. தலை சுத்துதுன்னு உள்ள போயிட்டா. நீட்டின விரலை நான் எங்க கொண்டு வைக்கிறது?

அத்தான்: காவல்காரன் மேல வைக்கிறது.

கொழுந்தியா: அவரு பாவம், பிள்ளைகுட்டிக்காரர்.

அத்தான்: அப்ப நான்...

கொழுந்தியா: நீங்க எதிர்ல எடுப்பா நின்னீங்க.

அத்தான்: சரி, நீதான் காட்டினே. ஊர்சனமா நடிக்கிறதுங்களுக்குப் புத்தி எங்க போச்சு? குண்டுக்கட்டா தூக்கிட்டு வந்து...

கொழுந்தியா: ‘அவ யாரைக் காட்டினாலும் யோசிக்காம பாயணும்’னு தொண்டை கிழியச் சொல்லிக் கொடுத்தது யாரு?

அத்தான்: அதுக்காக அந்தத் தையல்கார அம்மா என் இடுப்புல கிள்ளணுமா?

கொழுந்தியா: அது நடிப்பு இல்லை அத்தான். தைச்சுக் கொடுத்த அங்கியைக் கோணிப்பைன்னு சொன்னீங்கல்ல.

அத்தான்: ...என் டோப்பா எங்க?

கொழுந்தியா: காவல்காரர் தலையில. அவருக்கு அளவா இருக்கு.

அத்தான்: ஐயோ. முதல்ல பூட்டைத் திற.

கொழுந்தியா: சாவி அக்காகிட்ட இருக்கு. நிஜப் பூட்டுதான் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னதும் நீங்கதான்.

அத்தான்: அடுத்த காட்சியில தீர்ப்பு யாரு சொல்றது?

கொழுந்தியா: காவல்காரரே சொல்லிடுவாராம். அவருக்கு ‘நட’, ‘நில்லு’ ரெண்டு வசனம்தான் தெரியும். சுருக்கமா முடிஞ்சிடும்.

அத்தான்: அப்ப கடைசியில என் பேச்சு?

கொழுந்தியா: எந்தப் பேச்சு?

அத்தான்: அது... சின்னதா ஒண்ணு... நீதியைப் பத்தி...

கொழுந்தியா: என் காட்சியை எடுத்துட்டு அந்த இடத்துல செருகினீங்களே, அதுவா?

அத்தான்: எடுக்கலைம்மா. சுருக்கினேன்.

கொழுந்தியா: ஒரு வரிகூட மிஞ்சாமச் சுருக்கிட்டீங்க. விளையாட்டு இல்லை அத்தான். நாடகம் பூரா பொய் சொல்றேன், சனங்க என்னைக் கரிச்சுக் கொட்டறாங்க. கடைசியில தனியா நின்னு, ‘எல்லாம் பொய், யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கலைன்னுதான் ஆரம்பிச்சேன்’னு சொல்றேன் பாருங்க... அந்த ஒரு இடத்துக்காகத்தான் இந்த வேஷத்துக்கே ஒத்துக்கிட்டேன். அதைப் போய்ப் பறிச்சுட்டீங்க. வயிறு எரிஞ்சுது எனக்கு.

அத்தான்: ஓஹோ... அதுக்குத்தான் பழி வாங்கறியா?

கொழுந்தியா: சேச்சே. நீங்க கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அலறினீங்கல்ல, அப்ப முன்வரிசையில ஒரு பெரியவர் கண்ணைத் துடைச்சுக்கிட்டார்.

அத்தான்: ...எனக்காகவா?

கொழுந்தியா: ‘ஒரு பாவமும் அறியாத முகம்யா’ன்னு பக்கத்துல இருந்தவர்கிட்ட சொல்லியிருக்கார்.

அத்தான்: இடது பக்கமா உக்காந்திருந்தாரா? இடது பக்கத்துல இருந்து பார்த்தாத்தான் எனக்கு...

கொழுந்தியா: இடதேதான். இப்ப வெளியே வந்தீங்கன்னா, ஏதோ ஆள் தெரியாமப் பூட்டிட்டாங்கன்னு சிரிப்பாங்க. உள்ளேயே இருந்தா...

அத்தான்: சோக நாயகன்.

கொழுந்தியா: வாயைத் திறக்காம இருந்தா.

அத்தான்: ஒரு வார்த்தைகூடவா?

கொழுந்தியா: நீங்க பேசினா அவரு அழுகை நின்னுடும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.

அத்தான்: ம்... சரி, போ. உன் காட்சியையே போட்டுக்கோ. ஆனா வெளிச்சம் கொஞ்சம் என் மேலேயும் விழணும்.

கொழுந்தியா: இடது பக்கமா விழச் சொல்றேன். இதோ, அக்காவே வந்துட்டா.

அத்தான்: வாம்மா. தலைசுத்தல் நின்னுச்சா? உன் தங்கச்சி பண்ணின வேலையைப் பாரு. இவ மட்டும் வேற யார் வீட்டுப் பொண்ணாவோ இருந்திருந்தா நடக்கறதே வேற. நான் பெரிய மனசு பண்ணி உள்ளேயே இருக்கறதா முடிவு பண்ணிட்டேன். சாவி உன்கிட்டயே இருக்கட்டும்.

அக்கா: இருக்கும், இருக்கும். அவளைத் திட்டாதீங்க. ‘அத்தான் பாவம், வேண்டாங்கா’ன்னு நேத்தெல்லாம் ஒரே அழுகை. நான்தான் அவ விரலைப் பிடிச்சு உங்க பக்கமாத் திருப்பிப் பழக்கினேன். உங்க நீதிப் பேச்சை நான் வீட்டுல தினம் கேக்கறேன், அது என் தலையெழுத்து. டிக்கெட் வாங்கிட்டு வந்தவங்க என்ன பாவம் பண்ணினாங்க?