பச்சைக் குடை

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகிற பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர். பக்கத்துப் பக்கத்து ஊர்களின் கோயில் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

“தேருக்கு முந்தி எங்க பஸ் ஸ்டாப்புல படுத்திருந்த பெரியவரை வேன்ல ஏத்தி உங்க ஊர்ல இறக்கிட்டோம். கோச்சுக்காதீங்க.”

“பச்சைக் குடை வச்சிருப்பாரே, அவரா?”

“ஆமா. தெரியுமா?”

“போன வருஷம் கும்பாபிஷேகத்துக்கு முந்தி அவரை உங்க ஊர்ல இறக்கிவிட்டதே நாங்கதாங்க.”

இருவரும் சிரித்தார்கள்.

“இப்ப எங்க இருக்காரு?”

“அடுத்த வாரம் எங்களுக்குத் தீமிதி. நேத்துதான் கொள்ளிடத்துக்கு அந்தாண்ட கொண்டுபோய் விட்டோம்.”

“குடையை எங்க வேன்லயே விட்டுட்டாருங்க, பாவம்.”

பாபநாசம் தாண்டியதும் தூறல் விழுந்தது. பேசிக்கொண்டே ஒருவர் ஷட்டரை இறக்கினார்.